எட்டு இறக்கையும் என் அரைகுறை ரஷ்யனும்

கொள்ளிடத்தில் அந்த மாதம் தண்ணீர் இல்லை. பாலத்தை ஒட்டிய சரிவில் இறங்கினால் கண்ணுக்கு எட்டிய வரை மணல்தான். காலை ஏழு மணி இருக்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். மணல் இன்னும் சூடேறவில்லை. கால் விரல்களுக்கு நடுவில் ஈரமாக ஒட்டியது.

சம்பத் ஒரு பழைய கதவுப் பலகையை மணலில் மட்டம் பார்த்துப் போட்டிருந்தார். அதன் மேல் அவருடைய ஹெலிகாப்டர் நின்றது. ஒரு மனிதர் கால் நீட்டிப் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். சாம்பல் நிற உடம்பு. உச்சியில் எட்டு இறக்கைகள். வால் பக்கத்தில் இரண்டு கதவுகள். திறந்தால் உள்ளே ஒரு பொம்மை ஜீப் இருக்கும். ஜீப்பை வைத்தது சம்பத்தின் மனைவி கோதை. "இவ்ளோ பெரிசா பண்ணிட்டு உள்ளே காலியா விடுவாளா?" என்று கேட்டுவிட்டு வாங்கி வைத்தாள்.

கோதை என் சிநேகிதி. அன்று எரிபொருள் பாட்டிலை இடுப்போடு அணைத்துக்கொண்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பதினைந்தடி தள்ளி நின்றாள். நான் அவளுக்குப் பின்னால்.

இரண்டு முறை இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. விளக்கெண்ணெய் கருகும் வாசனை. அந்த எரிபொருளில் விளக்கெண்ணெய் கலப்பார்கள். இறக்கைகள் முதலில் எண்ணும்படி சுற்றின. பிறகு எண்ண முடியவில்லை. பிறகு இறக்கையே தெரியவில்லை. காற்றில் ஒரு வட்டத் தட்டு மட்டும் மினுங்கியது.

ஹெலிகாப்டரை இயக்கும் ரேடியோ பெட்டியைக் கழுத்தில் மாட்டியிருந்த சம்பத் என் பக்கம் திரும்பி, இரைச்சலுக்கு மேலே கத்தினார்.

"எல்லாம் உங்க ரஷ்யன் புண்ணியம்!"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நானே நினைத்து நினைத்துக் கூசிய சிரிப்பு அது.

மாடி வகுப்பு

தட்டச்சுப் பள்ளி நாட்களைப் பற்றிச் சில வாரங்களுக்கு முன் எழுதியதைப் படித்துவிட்டு, உறையூரிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். "நீங்கள் ரஷ்ய மொழி அறிந்தவர் என்று என் அக்கா சொல்வாள். அதைப் பற்றி ஏன் எழுதுவதே இல்லை?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இந்த வாரம் பதில் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் தில்லை நகரில் ஒரு கடையின் மாடியில் மாலை நேர ரஷ்ய வகுப்பு நடந்தது. அப்போது சோவியத் புத்தகங்களும் வழுவழுப்பான பத்திரிகைகளும் திருச்சியில் மலிவாகக் கிடைக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போடுவதே அந்தத் தாளில்தான். வகுப்பில் முப்பது பேர் சேர்ந்தோம். கடைசி வரை போனது நான்கு பேர். பெண் நான் ஒருத்தி.

மொழி மேல் ஆசைப்பட்டுச் சேர்ந்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். எங்கள் அறையில் ஐந்து பேர் டைப் அடித்தோம். ஐந்து பேருக்கும் ஒரே இங்கிலீஷ், ஒரே வேகம், ஒரே சம்பளம். மற்ற நால்வரிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

மேலப்புதூர் மாதா கோயிலில் சிறு வயதிலிருந்து பாட்டுக் குழுவில் இருந்ததால் எனக்குக் காது நல்ல காது. ரஷ்ய உச்சரிப்பு சீக்கிரம் வந்துவிட்டது. ஒரு முறை அந்த நாட்டு நடனக் குழு திருச்சிக்கு வந்தபோது, மேடையில் நான்கு வரி வரவேற்பு சொன்னேன். மனப்பாடம் செய்த நான்கு வரி. கைதட்டல் நிற்கவில்லை. அன்றிலிருந்து கல்லூரியில் நான் "ரஷ்யன் மேடம்" ஆகிவிட்டேன். வீட்டு வாசலில் ஒரு சின்னப் பலகை எழுதி மாட்டினேன்: "எம். பிலோமினா. ரஷ்ய மொழிபெயர்ப்பாளர்."

உண்மை என்னவென்றால், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாளுக்கு அரைப் பக்கம் படிப்பேன். அகராதி இல்லாவிட்டால் பாதி ஊகம்தான். வாய் முன்னால் ஓடும். அர்த்தம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வரும்.

இது யாருக்கும் தெரியாது. கோதைக்கும் தெரியாது.

சம்பத் சொன்ன ராட்சதர்கள்

கோதையும் நானும் ஒரே நாளில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர்கள். அவள் ஸ்ரீரங்கத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கப் போனாள். விசைப்பலகையைத் துணியால் மூடிவிட்டு நிமிடத்துக்கு எழுபது வார்த்தை அடித்துக் காட்டுவாள். அதைப் பார்க்கவே புது மாணவிகள் கூடுவார்கள்.

அவளுடைய கணவர் சம்பத் ஒரு பட்டறையில் ஃபிட்டர். பெருமாள், பட்டறை, ஹெலிகாப்டர் என்று மூன்றே விஷயம்தான் அவருக்கு. எண்பதுகளின் நடுவில் நம் விமானப் படைக்கு சோவியத் நாட்டிலிருந்து மி-26 என்ற ராட்சத ஹெலிகாப்டர் வந்த படம் பேப்பரில் வந்தது. அதை வெட்டி சுவாமி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டார். கோதை சண்டை போட்ட பிறகுதான் வெளிப்பக்கத்துக்கு மாற்றினார்.

"பாருங்கோ," என்பார் என்னிடம், "இது திடீர்னு வந்துடலை. முதல்ல ரஷ்யாக்காரா அஞ்சு பிளேடு வெச்சு ஒண்ணு பண்ணினா. அப்போ உலகத்திலேயே அதுதான் பெரிசு. அப்புறம் அதுக்கே நெட்டையா நாலு கால் வெச்சு ஒண்ணு. வயித்துக்கு அடியிலே ஒரு பஸ்ஸையே தொங்கவிட்டுத் தூக்கும். அதுக்கப்புறம்தான் பேராசை. ரெண்டு பெரிய சுழலியை ரெண்டு பக்கமும் வெச்சு ஒண்ணு கட்டினா. அது மாதிரி பெரிசு அதுக்கு முன்னாலயும் இல்லை, பின்னாலயும் இல்லை. ரெண்டே ரெண்டுதான் பண்ணினா. அதோட நிறுத்திட்டா."

"ஏன்?"

"பெரிசா இருந்தாப் போதுமா? உபயோகப்படணுமே. அதான் திரும்பி ஒத்தைச் சுழலிக்கே வந்தா. ஆனா எட்டு பிளேடு. இருபது டன் தூக்கும். எஞ்சின்தான் தூக்கறதுன்னு எல்லாரும் நினைப்பா. இல்லை மேடம். எஞ்சின் வேகமா சுத்தும், அவ்வளவுதான். அந்த வேகத்தைக் குறைச்சு பலமா மாத்தறது பல்சக்கரப் பெட்டி. அதைப் பண்ணினவன் கையைக் கண்ணிலே ஒத்திக்கணும்."

இருபதில் ஒரு பங்கு அளவில் ரேடியோவால் இயங்கும் மாதிரி ஒன்று கட்ட வேண்டும் என்று தீர்மானித்தார். ரேடியோ பெட்டியும் சின்ன எஞ்சினும் சிங்கப்பூரிலிருந்து அவருடைய மைத்துனர் மூலம் வந்தன. பல்சக்கரங்களைத் தானே கடைந்தார். வரைபடம்தான் கிடைக்கவில்லை. ஒரு நாள் பழைய புத்தகக் கடையில் மாதிரி விமானம் கட்டுபவர்களுக்கான ரஷ்யப் பத்திரிகை ஒன்று அகப்பட்டது. உள்ளே அதே ஹெலிகாப்டரின் மாதிரிக்கு முழு வரைபடம், ஆறு பக்கம் செய்முறை.

கோதை ஓடி வந்தாள். "பிலோ, உன்னை விட்டா யாருடி இருக்கா?"

ஒரு வார்த்தை

நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள் போனேன். காலைப் பூசை முடிந்து பஸ் பிடித்தால் பதினோரு மணிக்கு ஸ்ரீரங்கம். கோதை புளியோதரை வைத்திருப்பாள். முந்தின ஞாயிறே கையால் நகலெடுத்துப் போய், வாரம் முழுக்க வீட்டில் அகராதி வைத்துப் படித்த பக்கத்தை அங்கே போய், அப்போதுதான் பார்ப்பது போலப் பார்த்து, கடகடவென்று தமிழில் சொல்வேன். சம்பத் கண் இமைக்காமல் கேட்பார். பிறகு அதை டைப் அடித்து, அடியில் என் பெயரும் போட்டுக் கொடுப்பேன்.

அப்படி ஒரு ஞாயிறு வேலை சீக்கிரம் முடிந்தது. சம்பத் பத்திரிகையைப் புரட்டி வரைபடத்தின் ஓரத்தில் இருந்த ஒரு பொடி எழுத்துக் குறிப்பைக் காட்டினார். நான் நகலெடுக்காமல் விட்ட குறிப்பு.

"இது என்னன்னு பாருங்கோ. தொள்ளாயிரம்னு நம்பர் இருக்கு. பிளேடு சுத்தற வேகம்னு நினைக்கிறேன்."

படித்தேன். பெரிய இறக்கைகள், நிமிடத்துக்கு, சுற்றுகள் என்பதெல்லாம் புரிந்தது. எண்ணுக்கு முன்னால் இரண்டு சின்ன வார்த்தைகள்: "நி போலெயெ." ரஷ்யனில் நி என்றால் இல்லை, போலெயெ என்றால் அதிகம், மேனெயெ என்றால் குறைவு. இரண்டையும் ஒரே மாலையில் படித்தேன். அன்று முதல் எனக்கு எது எது என்று தடுமாறும்.

அகராதி மேலப்புதூரில் என் வீட்டில் இருந்தது. "வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்றேன்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் இத்தனை வாரமும் நான் எப்படிப் படித்தேன் என்பது தெரிந்துவிடும். கோதை வாசற்படியில் நின்று பெருமையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொள்ளாயிரம் சுத்துக்குக் குறையாமல்" என்றேன்.

சம்பத் நெற்றியைச் சுருக்கினார். "குறையாமலா? எட்டு பிளேடு இருக்கே மேடம். மெதுவாச் சுத்தினாலே தூக்கிடுமே. மிகாமல்னு இருக்குமோ?"

எனக்குச் சுருக்கென்றது. "நான் படிச்சதைத்தான் சொல்றேன். சந்தேகம்னா வேற யாரையாவது கேளுங்க."

"சே, சே. அப்படி இல்லை." அவர் உடனே பத்திரிகையை மூடிவிட்டார். "எழுதினவா தெரியாமயா எழுதியிருப்பா? நான் கடைஞ்ச சக்கரத்திலே தொள்ளாயிரம்கூட வராது. வேற ஒண்ணு கடையறேன். ஆயிரத்து முந்நூறுக்குப் போட்டா சந்தேகமே இல்லை."

அவருடைய கணக்கு சரியாக இருந்தது. அவர் கை சொன்னது சரியாக இருந்தது. அதை நான் ஒரு அதட்டலில் தள்ளிவிட்டேன்.

மணலில் நடந்தது

கொள்ளிட மணலில் அந்தத் தட்டு மினுங்கியபடி சுற்றியது. ஹெலிகாப்டர் பலகையை விட்டு ஒரு சாண் எழும்பியது. கோதை "ஐயோ, பறக்கறது!" என்று கத்தினாள்.

ஒரு சத்தம் கேட்டது. கட்டிலின் சட்டம் முறிந்தால் வருமே, அந்த மாதிரி. சாம்பல் நிற உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து மணலை அடித்தது. இறக்கைத் துண்டுகள் எல்லாப் பக்கமும் பறந்தன. நான் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது கோதை உட்கார்ந்திருந்தாள். வலது முழங்கையை இடது கையால் பிடித்திருந்தாள். விரல் இடுக்கில் ரத்தம் வழிந்து மணலில் சொட்டியது.

"ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று சம்பத்துக்குத்தான் தைரியம் சொன்னாள்.

முழங்கை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. நரம்பும் அடிபட்டிருக்கிறது என்று தில்லை நகர் மருத்துவமனையில் சொன்னார்கள். எலும்பு சேர்ந்துவிடும், விரல்களைப் பற்றி இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

நான் மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். முகம் கழுவவில்லை. அகராதியை எடுத்தேன். மனதில் ஏற்கெனவே தெரிந்துவிட்டது. விரல்தான் நம்பாமல் தேடியது. நி போலெயெ. மேற்படாமல். தொள்ளாயிரத்துக்கு மேற்படாமல்.

சாயங்காலம் சொல்லிவிடுவது என்றுதான் மருத்துவமனைக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் வாக்கியம்கூடத் தயார் செய்தேன்.

சம்பத் வராந்தா பெஞ்சில் இருந்தார். சட்டையில் காய்ந்த ரத்தம். என்னைப் பார்த்ததும் எழுந்து, பையிலிருந்து அந்தப் பத்திரிகையை எடுத்தார். அதைக் காலையில் ஆற்றுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

"மேடம், ஒரு தடவை இதைத் திரும்பிப் படியுங்கோ. அந்த வேகம். நான் எதாவது தப்பாக் கேட்டுண்டேனா? பிளேடை நான் மாட்டினதுதான் தப்புன்னா அதை நான் தெரிஞ்சுக்கணும்."

பத்திரிகையை வாங்கினேன். அந்த இரண்டு வார்த்தையையும் நன்றாகப் பார்த்தேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அப்படியேதான் போட்டிருக்கு. குறையாமல்."

அவர் தலையை ஆட்டினார். பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். "அப்போ என் கைதான்" என்றார்.

முதலில் சொன்னது பிழை. இது பொய். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு எந்த மொழியிலும் தெரியாமல் இல்லை.

"இதை நான் எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று பத்திரிகையைக் கேட்டேன். எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கையை அசைத்தார். வீட்டுக்குப் போக வேண்டிய நான் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினேன். காவிரிப் பாலத்தில் ஜன்னல் வழியாக அதை வீசினேன். பக்கத்தில் இருந்த அம்மாள் ஏதோ விழுந்துவிட்டது என்று பதறி, "கண்டக்டர்! கண்டக்டர்!" என்று கூப்பிட்டார். "வேண்டாங்க, பழைய பேப்பர்தான்" என்று நான் அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

ஒரு பிளக்

எலும்பு கூடியது. கோதையின் வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தே போயின. டைப்ரைட்டரில் அந்த இரண்டு விரலுக்கும் எவ்வளவு வேலை என்று அடித்தவர்களுக்குத் தெரியும். இன்ஸ்டிடியூட்டில் வருகைப் பதிவு எழுதும் வேலைக்கு அவளை மாற்றினார்கள். துணியால் மூடி அடித்துக் காட்டுவது நின்றுபோனது.

அவள் அழுது நான் பார்த்ததில்லை. மாறியது சம்பத். பட்டறையில் இயந்திரத்தை விட்டு, ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கும் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில் இருந்த கருவிகளையெல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டார். தினம் காலையில் வெந்நீரில் கோதையின் கையை வைத்து, மரத்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுவார். நான் மாதம் ஒரு முறை போவேன். பழம் வாங்கிக்கொண்டு போவேன். அவர் என்னைப் பார்த்து, "உங்க உழைப்பும் வீணாப் போச்சு மேடம்" என்பார். அந்த வாக்கியத்தையும் கேட்டுக்கொண்டு காபி குடித்திருக்கிறேன்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது.

ஒரு நாள் நான் போயிருந்தபோது மேஜை விசிறி நின்றுவிட்டது. பிளக்கில் ஒரு கம்பி கழன்றிருந்தது. "இதை மாட்டிடுங்கோளேன்" என்றாள் கோதை.

சம்பத் அந்தப் பிளக்கைக் கையில் வாங்கக்கூட இல்லை. "நான் தொட வேண்டாம் கோதை. நாளைக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. நான் மாட்டி, நீ தொட்டு, எதாவது ஆயிடப் போறது."

பல்சக்கரம் கடைந்த மனிதர். ஒரு திருகாணியைக் கண்டு பயந்தார்.

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். பின்னால் வந்த கோதையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். பாத்திரம் வைக்கும் மேடையைப் பார்த்துச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"அன்னிக்கு மத்தியானமே."

"அன்னிக்கேவா?"

இடது கையால் அந்த இரண்டு விரல்களையும் பிசைந்தபடி இருந்தாள்.

"என்கிட்டே எதுக்குடி சொல்றே? எனக்கு ரெண்டு விரல் போச்சு, பழகிண்டுட்டேன். அவர்கிட்டே போய்ச் சொல்லு. நான் கூட வரமாட்டேன். நீயே சொல்லு."

கூடத்தில்

சொன்னேன்.

சம்பத் பேப்பரை மடித்து வைத்தார். "எந்த வார்த்தை? எழுதிக் காட்டுங்கோ."

பேப்பரின் ஓரத்திலேயே போலெயெ, மேனெயெ இரண்டு வார்த்தைகளையும் ரஷ்ய எழுத்தில் எழுதினேன். எது அதிகம், எது குறைவு என்று கீழே தமிழில் எழுதினேன். அவர் பென்சிலை வாங்கி, பக்கத்தில் தொள்ளாயிரம், ஆயிரத்து முந்நூறு என்று போட்டு ஏதோ பெருக்கினார், வகுத்தார்.

"பிளேடை வெளியே பிடுங்கற இழுப்பு ரெண்டு மடங்குக்கு மேலே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "எந்த பிளேடும் நிக்காது." பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, குரல் உடைய, "கோதை! நான் சரியாத்தான்டி மாட்டியிருக்கேன்!" என்றார்.

கோதை வந்து அவர் தோளில் கை வைத்தாள். அவர் அழுதார். நான் கதவோரம் நின்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கணக்கில் ஒரு படி விட்டுப்போனதைக் கேட்பது போலக் கேட்டார்.

"தப்பாப் படிச்சேள். அது யாருக்கும் வரும். ஆனா ஆஸ்பத்திரியிலே திரும்பிப் படிக்கச் சொன்னேனே மேடம். அப்போ?"

பயம் என்று எழுதலாம். பயம் மட்டும் இல்லை. ரஷ்யன் மேடமாகவே இருந்துவிட ஆசைப்பட்டேன்.

பையை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்றேன்.

அந்த வீட்டில் யாரையும் "போயிட்டு வாங்கோ" என்று சொல்லாமல் அனுப்பியதில்லை. பால்காரரைக்கூட அப்படித்தான் சொல்லி அனுப்புவார்கள்.

"போங்கோ" என்றார் சம்பத்.

அன்று மாலை வாசல் பலகையைக் கழற்றினேன். கல்லூரியில் ஏன் என்று கேட்டார்கள். ரஷ்யன் மறந்துபோச்சு என்றேன்.

அதற்குச் சில வருடம் கழித்து, அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண், ஸ்ரீரங்கத்துக்காரி, பேச்சுவாக்கில் சொன்னாள். "மேடம், எங்க தெருவிலே சம்பத்னு ஒருத்தர் இந்த வயசிலே ரஷ்யன் படிக்கிறார். கையிலே எப்பவும் ஒரு டிக்ஷனரி. எங்க ஆபீஸ்லேயே ஒரு மேடம் இருக்காங்க, அவங்களைக் கேளுங்களேன்னு சொன்னேன். உங்க பேரைச் சொன்னதும், வேண்டாம்மா, நானே படிச்சுக்கறேன்னுட்டார். உங்களைத் தெரியுமான்னு கேட்டேன். தெரியும், ரொம்ப நல்லா உச்சரிப்பாங்கன்னு மட்டும் சொன்னார்."

வேறு ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

யாரிடமும் அவர் சொல்லவில்லை. கோதையும் சொல்லவில்லை. உறையூர் வாசகியின் அக்கா இன்னும் என்னை ரஷ்யன் தெரிந்தவள் என்று சொல்லிக்கொண்டிருப்பது அவர்கள் இருவரும் வாயைத் திறக்காததால்தான். அதனால் நானே எழுதுகிறேன்.